பிஸ்தாவை மாவாக்காதீர்கள்: சிரியப் பருப்பு இனிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ரமலானுக்கு எங்கள் கிச்சனில் புதிதாகச் சேர்ந்த நம்மூர்ப் பையன்கள் இரண்டு பேர், நான் வருவதற்குள் இரண்டு கிலோ பிஸ்தாவைக் கடாயில் போட்டு மணக்க மணக்க வறுத்து, மிக்ஸியில் நைஸாக அரைத்து, "அண்ணே, ரெடி" என்று கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஷார்ஜாவில் சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். மாவுத் தாளை ஈரத்துணி போட்டு மூடுங்கள், சுடுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள் என்பதெல்லாம் மாவுத் தாள் பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை.

எல்லாவற்றையும் பக்லாவா என்பது

மெல்லிய மாவுத் தாள் அடுக்குகளுக்கு நடுவே பருப்பு வைத்துச் சுட்டு, பாகு ஊற்றுவதுதான் பக்லாவா. கடைத் தட்டில் பத்து வகை இருக்கும், நாம் பத்தையும் பக்லாவா என்போம். செய்பவர் அப்படி நினைத்தால் கை தப்பும். சேமியா போன்ற குனாஃபா இழையை முழுப் பிஸ்தாவின் மேல் இறுக்கிச் சுருட்டிப் பொன்னிறமாகச் சுட்டால் மப்ரூமா. அதே இழையை அழுத்திப் பரப்பி, நடுவில் பிஸ்தா வைத்து, நிறம் மாறாமல் மெல்லிய சூட்டில் எடுத்தால் பல்லூரிய்யா. பளிங்கைக் குறிக்கும் 'பல்லூர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர், வெள்ளையாக இருந்தால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம். நான் கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் "இன்னும் வேகவில்லையே" என்று அதைத் திரும்ப உள்ளே தள்ளிச் சிவக்க வைத்தவர்கள்தான். உஷ் அல்-புல்புல் என்றால் புல்புல் கூடு, நடுக்குழியில் பருப்பு. குல் வ ஷ்குர் என்றால் 'சாப்பிடு, நன்றி சொல்'. ஒவ்வொன்றுக்கும் சூடு வேறு, பருப்பின் அளவு வேறு.

வரலாற்றை ஒரே நாட்டுக்கு எழுதிக் கொடுப்பது

அசீரியர்கள் கிறிஸ்துவுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே பக்லாவா செய்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆதாரம் கிடையாது. கையில் இருக்கிற ஆதாரம் இதுதான்: 10ஆம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த பாக்தாத் சமையல் நூலில், மெல்லிய தாளில் பாதாம் சுருட்டிப் பாகில் நனைக்கும் லவ்ஸீனஜ் இருக்கிறது, இன்று ரமலானில் குட்டித் தோசை மாதிரிச் சுட்டு அக்ரூட் வைத்து மடிக்கிற கதாயிஃப் இருக்கிறது. 1516இல் அலெப்போ உஸ்மானியப் பேரரசின் கைக்குப் போனது. அடுத்த நானூறு வருடம் அரண்மனைச் சமையலும் அலெப்போ, டமாஸ்கஸ் சமையலும் ஒன்றோடொன்று கலந்தன. இன்று துருக்கியில் இருக்கும் காஸியான்தெப், உஸ்மானியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அலெப்போ மாகாணத்து ஊர். பிரான்சும் துருக்கியும் 1921இல் போட்ட ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு நடுவில் விழுந்தது. அந்த ஊர்ப் பக்லாவாவுக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அந்த ஊருக்கு நியாயமாக வந்த பெயர், ஆனால் அதைக் காட்டி "சிரியாக்காரன் காப்பி அடித்தான்" என்று பேசுவது தவறு. 2011க்குப் பிறகு போரில் ஊரைவிட்டுப் போன சிரிய மாஸ்டர்கள் இப்போது காஸியான்தெப்பிலும் இஸ்தான்புல்லிலும் கெய்ரோவிலும் தட்டு அடுக்குகிறார்கள்.

பிஸ்தாவைக் கெடுப்பது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

அரபு நாடுகள் பலவற்றில் பிஸ்தாவின் பெயரே ஃபுஸ்துக் ஹலபி, அலெப்போப் பிஸ்தா. அலெப்போ, இத்லிப், ஹமா பக்கத்து மோரிக் எல்லாம் சிரியாவில் அதற்குப் பேர்போன இடங்கள். மரம் ஒரு வருடம் அள்ளிக் கொடுக்கும், மறு வருடம் கையை விரிக்கும். விலை ஏறி இறங்க அதுவும் ஒரு காரணம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத்தான் மூன்று இடத்தில் கெடுக்கிறோம்.

முதலில் வாங்கும் இடத்தில். ஓடு வாய் பிளந்த, பெரிய, முழுக்க முற்றிய பிஸ்தா கொறிக்க நல்லது. இனிப்புக்கு வேண்டியது முற்றுவதற்கு முன்பே பறித்தது: பருப்பு சிறுசு, உள்ளே இலைப்பச்சை, மணம் கூர்மை. நிறத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், பாகும் நெய்யும் சேர்ந்து அமுக்கும்போது தாக்குப்பிடிப்பது அந்த மணம்தான்.

அடுத்து வறுப்பது. பாயசத்துக்கு முந்திரி வறுத்துப் பழகிய கை நமக்கு. இங்கே பருப்பு மாவுக்குள் இருந்தபடி அடுப்பிலேயே வெந்துவிடும். முன்கூட்டி வறுத்தால் இரண்டாம் சூட்டில் பழுப்பாகி லேசாகக் கசக்கும். உப்புப் பிஸ்தா பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட மோசமானது, அரைப்பது. பிஸ்தாவின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். மிக்ஸி பிளேடு சூடானதும் அந்த எண்ணெய் வெளியே வந்து மாவு பிசினாகிறது. தட்டில் பரப்பினால் சிமெண்டு பூசியதுபோல் ஓர் அடுக்கு. மேலே ஊற்றும் பாகு அதைத் தாண்டி இறங்காது. மேல் தாள் ஊறிப்போய், கீழ்த்தாள் வறண்டு நிற்கும். நாலு நாளில் சிக்கு வாடையும் வந்துவிடும்.

நான் கெடுத்தது நாலு கிலோ, பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு. முஅல்லிம் (மாஸ்டரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சத்தமே போடவில்லை. நான் அரைத்ததில் ஒரு சிட்டிகை எடுத்து, பழுப்புக் காகிதத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தபோது காகிதத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு எண்ணெய் வட்டம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதானது. அப்புறம் கத்தியால் நறுக்கியதை அதே காகிதத்தில் அதேபோல் அழுத்தினார். சின்னச் சின்னப் புள்ளிகள், அவ்வளவுதான். "யா இப்னீ (மகனே), மாவு வெறும் சட்டை. உள்ளே இருக்கிற மனிதன் இவன்" என்று பருப்பைக் காட்டினார். அந்த நாலு கிலோவில் போட்ட தட்டுகளில் ஒன்றைக்கூட விற்க விடவில்லை. இன்றைக்கு யார் மிக்ஸி ஜாரோடு பிஸ்தா மூட்டைப் பக்கம் போனாலும் எனக்குக் கோபம் வருகிறது என்றால் அதனால்தான்.

கத்தியால் நறுக்குங்கள். மிக்ஸிதான் இருக்கிறது என்றால், பருப்பைக் குளிர வைத்து, விட்டு விட்டு ஒரே ஒரு நொடி, நாலைந்து தடவை. சல்லடையில் சலித்துப் பெரியதை மட்டும் திரும்பப் போடுங்கள். உடைத்த கோதுமை ரவை அளவு போதும். மப்ரூமாவுக்கு அதுவும் வேண்டாம், முழுசாகவே வையுங்கள்.

பணம் கட்டுப்படியாகவில்லையா? தாராளமாக அக்ரூட் போடுங்கள். சிரிய வீடுகளில் கதாயிஃபுக்குள் பட்டைப் பொடி சேர்த்த அக்ரூட்தான் வழக்கம், அது ஒன்றும் மட்டம் இல்லை. முந்திரியும் சரி. பச்சைச் சாயம் ஏற்றிய வேர்க்கடலையைப் பிஸ்தா என்று வைக்காதீர்கள், சாப்பிடுபவருக்குச் செய்யும் துரோகம் அது.

பாகைக் கம்பிப் பதத்துக்கு விடுவது

அதிரசப் பழக்கம். கம்பி விழும் வரை விட்டால் ஆறியதும் கல்லாகும். இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர். விரலில் பிசுபிசுத்ததும் இறக்குங்கள். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரை பூத்துப்போகாது. ஆரஞ்சுப்பூ நீரை அடுப்பை அணைத்த பிறகுதான் விட வேண்டும், கொதியில் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். ஊற்றும்போது தட்டு சுடச்சுட இருக்க வேண்டும், பாகு ஆறியிருக்க வேண்டும்.

வெண்ணெய்

அதில் தண்ணீர் இருக்கிறது. நெய் ஊற்றுங்கள்.

மஃமூலின் அச்சைக் கலப்பது

ரவை மாவுக்குள் பூரணம் வைத்து மர அச்சில் தட்டி எடுக்கும் மஃமூலுக்குப் பெரும்பாலும் மேலே எதுவும் எழுதியிருக்காது, வடிவம்தான் பெயர்ப்பலகை. குவிந்த வட்டம் அக்ரூட், நீள்வட்டம் பிஸ்தா, தட்டை வட்டம் பேரீச்சை. முஸ்லிம்கள் இரண்டு பெருநாளுக்கும், கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கும் செய்வார்கள், வழக்கம் இதேதான். பேரீச்சை என்று நம்பி எடுத்த குழந்தைக்குப் பருப்பு ஒவ்வாமை இருந்தால் என்ன ஆகும்? அச்சு போதவில்லை என்றால் அன்றைக்கு ஒரே வகை செய்யுங்கள்.

மஹ்லப்

செர்ரிக் கொட்டைப் பருப்பு. மஃமூல் மாவுக்கு ஒரு சிட்டிகை. கூடினால் கசப்பு.

கராபீஜுக்கு நுரை இல்லாமல் பரிமாறுவது

அலெப்போவின் கராபீஜ் பார்வைக்கு நீள மஃமூல் மாதிரி இருக்கும், ஆனால் நாதிஃப் என்ற வெள்ளை நுரையில் தோய்த்தால்தான் அது கராபீஜ். மாவில் சர்க்கரை கிடையாது, இனிப்பு அந்த நுரையில் இருக்கிறது. பழைய முறையில் சோப்புவேரைக் கொதிக்க வைத்து அந்தச் சாற்றை அடித்து நுரைக்க விடுவார்கள்; நம் பூந்திக்கொட்டை நுரைக்கிற அதே தத்துவம்தான். அதற்காகப் பூந்திக்கொட்டையைப் போட்டுவிடாதீர்கள், அது சாப்பிடும் பொருள் இல்லை. முட்டை வெள்ளையை அடித்துச் சூடான பாகு விடுங்கள், இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஃப்ரிட்ஜில் வைப்பது

வேண்டாம், நெய் உறைந்து தாள் சவசவத்துவிடும். மூடிய டப்பாவில் வெளியே இருக்கட்டும். பாலாடை வைத்தது மட்டும் அன்றைக்கே தீர வேண்டும்.