கார்ஃப் கோட்டையைத் தப்பாகப் பார்க்காதீர்கள்

“பாவம், கவனிக்க ஆளில்லாமல் இடிந்துபோயிருக்கிறது.” இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள கார்ஃப் கோட்டையைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது இதுதான். முதல் தவறும் இதுதான். மழையும் செடி வேரும் தின்ற சுவர் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். இங்கேயோ பாறை பாறையாகச் சுவர்த் துண்டுகள் சரிவில் உருண்டு கிடக்கின்றன. இது வயதின் வேலை இல்லை, வெடிமருந்தின் வேலை.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற கோட்டை இது. 1643 முற்றுகையில் கோட்டை உரிமையாளரின் மனைவி சீமாட்டி மேரி பேங்க்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. 1646-ல் உள்ளே இருந்தவர்களே காட்டிக்கொடுத்ததால்தான் கோட்டை விழுந்தது. இனி எவரும் இதற்குள் பதுங்கி எதிர்க்கக் கூடாது என்று நாடாளுமன்றம் இடிக்க உத்தரவிட்டது. சுவருக்கு அடியில் தோண்டி வெடி வைத்தார்கள். தென்மேற்கு வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரட்டைக் கோபுரத்தில் ஒன்று அப்படியே வழுக்கிக் கீழே இறங்கி, விழாமல் நிற்கிறது. நடுவில் வாசல் வளைவு பிளந்து, ஒரு பாதி மேலே, மறுபாதி கீழே. மீதிக் கற்கள் எங்கே போயின என்கிறீர்களா? கீழே ஊருக்குள் நடந்து வீட்டுச் சுவர்களைப் பாருங்கள்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஒரே ராஜா கட்டியதாக நினைப்பது. மேற்கு முற்றத்துச் சுவரில் மீன் முள் மாதிரி கற்களைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். அது 11-ம் நூற்றாண்டு. உச்சியில் நிற்கும் பெரிய கோபுரத்தில் கல்லைச் சதுரமாகச் செதுக்கி இழைத்திருக்கிறார்கள். அது அடுத்த நூற்றாண்டில், முதலாம் ஹென்றி காலத்தில் எழுந்தது. பக்கத்தில் உள்ள மாளிகை 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மன்னர் தனக்காகக் கட்டிக்கொண்டது. கற்களைப் பார்த்தே காலத்தைப் பிரித்துவிடலாம்.

அப்புறம் அந்தக் கொலைக் கதை. 978-ல் இளம் மன்னர் எட்வர்ட் கார்ஃபில் கொல்லப்பட்டார். சரி, ஆனால் இந்தச் சுவர்களைக் காட்டி “இங்கேதான்” என்று சொன்னால் நம்பாதீர்கள். பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து இங்கிலாந்துக்குள் வந்ததே 1066-ல்தான். அவர்கள் கட்டத் தொடங்கிய இந்தக் கற்கோட்டை அதற்குப் பிறகு எழுந்தது. கொலைக் கதைக்குக் காது கொடுக்க எப்போதும் ஆள் உண்டு, என்ன செய்வது!

கோபுரத்தடியில் நின்று படம் எடுத்துவிட்டு நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடாதீர்கள். பக்கத்து வெஸ்ட் ஹில் குன்றில் ஏறினால்தான், வாசலிலிருந்து உச்சிவரை மதில்கள் மேடேறிப் போகும் விதம் முழுசாகத் தெரியும்.