உக்கிராணக்காரனின் கணக்கு நோட்டு

சபையில் பணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் காணிக்கையில் தொடங்கிக் காணிக்கையிலேயே முடிந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பது பங்கும் நம்முடையது, அதைப் பற்றி ஆண்டவர் எதுவும் கேட்கமாட்டார் என்ற எண்ணம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குள் வேரூன்றியிருக்கிறது. ஆனால் லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் வரும் எஜமான், தன் சொத்தை நிர்வகிக்கும் உக்கிராணக்காரனை அழைத்துக் கேட்டது காணிக்கையை அல்ல, கணக்கை. ஆகவே, தம் கையில் இருப்பது ஆண்டவருடைய பொருள் என்று உண்மையாகவே நம்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு கணக்கு நோட்டுதான்.

மூன்று மாதங்களுக்கு எந்தச் செலவையும் குறைக்க முயலாமல், செலவான அன்றிரவே அதை எழுதிவைக்க மட்டும் பழகுங்கள். மாத இறுதியில் மொத்தமாக நினைவுபடுத்தி எழுதுவது கணக்காகாது. நம் நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். நான் எழுதத் தொடங்கிய முதல் மாதத்தில் வாடகைக்கும் உணவுக்கும் அடுத்தபடியாக நின்ற பெருந்தொகையின் எதிரே 'இதர செலவு' என்று இருந்தது. அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதியபோதுதான், கைக்குத் தெரியாமல் கரைந்த பணம் எதுவென்று தெரிந்தது. இன்றும் அந்தத் தலைப்பை என் நோட்டில் நான் அனுமதிப்பதில்லை.

இருப்பதே கொஞ்சம், இதற்கு எதற்குக் கணக்கு என்று கேட்பவர்கள் மத்தேயு 25-இல், எஜமான் ஒப்படைத்த ஒரு தாலந்தை மண்ணில் புதைத்துவைத்தவனை நினைத்துப்பார்க்கலாம். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். மத்தேயு 20-இன்படி ஒரு நாள் கூலி ஒரு பணம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால், அவன் மண்ணில் புதைத்தது இருபது ஆண்டு உழைப்பின் கூலி. உங்கள் மாத வருமானத்தையும் நீங்கள் உழைக்கப்போகும் மாதங்களின் எண்ணிக்கையையும் பெருக்கிப் பாருங்கள். உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதும் சிறு தொகையல்ல என்பது விளங்கும்.

மூன்று மாதக் கணக்கு கையில் வந்த பிறகு, வருகிற மாதத்தின் வரவைச் செலவுக்கு முன்பே பங்கிட்டுவிடுங்கள். கொடுப்பதும் சேமிப்பதும் முதலில், மற்றவை அதன் பிறகு. மாத முடிவில் மிஞ்சியதைச் சேமிப்போம் என்பவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. சம்பளம் உயரும் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் இருந்த இளமைக்காலத்தில் ஆண்டுக்கு 30 பவுண்டு பெற்று, 28-இல் வாழ்ந்து, 2 பவுண்டைக் கொடுத்தார். மறு ஆண்டு வருமானம் 60 ஆனபோதும் அதே 28-இல் வாழ்ந்து, 32 பவுண்டைக் கொடுத்தார். குடும்பஸ்தர் அனைவராலும் அப்படி இயலாது. ஆனால் சம்பள உயர்வில் பாதியையாவது வாழ்க்கைச் செலவு தொடாதபடி காப்பது இயலும்.

கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்கிறது நீதிமொழிகள் 22:7. கடன் வாங்குவதே பாவம் என்று வேதம் கூறவில்லை. அது எத்தகைய நிலை என்பதைக் கூறுகிறது. மாதம் 3 விழுக்காடு வட்டி கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். கிரெடிட் கார்டில் 100 பாக்கி நின்று, வட்டிக்கு வட்டி ஏறி, எதுவும் செலுத்தாமல் ஓராண்டு கடந்தால், அபராதம் சேர்க்காமலே அது ஏறக்குறைய 142.60 ஆகிவிடும். எனவே எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் வட்டி விகிதத்தைக் குறித்து, எல்லாவற்றுக்கும் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டே, கையில் எஞ்சும் பணத்தையெல்லாம் வட்டி அதிகமுள்ள கடனில் செலுத்துங்கள். பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுமுன், அந்த முழுத்தொகையையும் நீங்களே கட்ட நேர்ந்தால் முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செலுத்த வகையில்லாதவன் படுத்திருக்கும் படுக்கையும் எடுத்துக்கொள்ளப்படும் என்று அதே அதிகாரம் எச்சரிக்கிறது.

சேமிப்பு அவிசுவாசம் அல்லவா என்று சிலர் தயங்குகிறார்கள். எகிப்தில் யோசேப்பு, வரப்போகும் பஞ்சத்துக்காக விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு ஆண்டுகள் களஞ்சியத்தில் சேர்த்தான். லூக்கா 12-இல் தேவன் மதிகேடன் என்றழைத்த ஐசுவரியவானும் களஞ்சியம் கட்டத்தான் நினைத்தான். யோசேப்பின் களஞ்சியம் பஞ்சத்தில் ஜனங்களுக்காகத் திறந்தது, மற்றவனோ தன் ஆத்துமாவோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தான். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையை உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருப்பது, நோயோ வேலையிழப்போ வரும்போது வட்டிக்காரரிடம் போகாமல் காக்கும்.

கொடுப்பதைப் பற்றி என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்குப் பவுல் விழுக்காடு எதையும் விதிக்கவில்லை. வாரத்தின் முதல்நாளில் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கவும், விசனமின்றி மனதில் நியமித்தபடி கொடுக்கவுமே சொன்னார். பத்தில் ஒரு பங்காகிய தசமபாகம் நல்ல தொடக்கம். ஆனால் பெற்றோரின் மருந்துச் செலவை மறுத்துவிட்டுக் காணிக்கைப் பெட்டியை நிரப்புவது, மாற்கு 7-இல் இயேசு கண்டித்த கொர்பான் காரியமே, அதாவது பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் 'காணிக்கை' என்று சொல்லித் தட்டிக்கழிப்பதே. வேலைக்காரரின் கூலி விடியுமட்டும் உங்களிடம் தங்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. அதை நிறுத்திவைத்துக்கொண்டு கொடுக்கும் காணிக்கையும் அத்தகையதே. 'விதைத்தால் நூறத்தனையாக வரும்' என்று சொல்லி வாங்குபவரிடம் மட்டுமல்ல, ஒரே சபையார் என்ற உரிமையில் மாதந்தோறும் உறுதியான இலாபம் தருவதாகச் சொல்பவரிடமும், பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தயங்காதீர்கள். எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்குச் சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் உடன் சேர்த்துக்கொண்டதாக 2 கொரிந்தியர் 8-இல் எழுதியிருக்கிறார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட தணிக்கையைக் கேட்பது அவமரியாதையாகாது.

இறுதியாக, கணவனும் மனைவியும் மாதத்தில் ஓர் இரவு அந்த நோட்டை நடுவில் வைத்து அமருங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும். குற்றம் கண்டுபிடிப்பது அன்றைய வேலையல்ல. ஆண்டுக்கு ஒருமுறை, எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, காப்பீடு எது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். சிலுவையில் தொங்கிய நேரத்திலும் இயேசு தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார். அந்தத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.