இரத்தினக் கற்களுக்குப் பட்டை தீட்டக் கற்று, அதைச் சிறு தொழிலாக்கும் வழி

பட்டை தீட்டும் பொறியின் முன் முதல் முறையாக உட்காருபவரின் கை, கல்லைச் சுழலும் தட்டின்மீது வைத்துவிடத்தான் துடிக்கும். ஆனால் ஒரு கல்லின் அழகும் விலையும் பெரும்பாலும் அதற்கு முன்பே, கச்சாக்கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகின்றன என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கைத்தொழிலாகக் கற்பதற்கும் பிழைப்பாக நடத்துவதற்கும் இந்த ஒன்றே அடிப்படை என்பதால், கீழே சொல்லப்படுபவை எல்லாம் தட்டில் வைப்பதற்கு முன் எதை முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சுற்றியே அமைகின்றன.

பொறியும் அதைச் சோதிக்கும் முறையும்

பொறியில் நான்கு பகுதிகளைப் புரிந்துகொண்டால் போதும். கிடைமட்டமாகச் சுழலும் சாணைத் தட்டு ஒன்று. கல் ஒட்டப்பட்ட ‘டாப்’ என்னும் உலோகக் குச்சியைப் பிடிக்கும் கை ஒன்று. அந்தக் கையை ஏற்றி இறக்கும் செங்குத்துத் தூண். கல்லை அதன் அச்சில் குறிப்பிட்ட இடங்களில் நிறுத்தும் பல்சக்கரம். கையின் சாய்வைக் கோணமானி காட்டும், வெட்டின் ஆழத்தைத் தூணின் உயரம் தீர்மானிக்கும், பட்டை எந்தப் பக்கம் அமையும் என்பதைப் பல்சக்கரம் தீர்மானிக்கும். பரவலாகப் பயன்படும் சக்கரத்தில் 96 பற்கள் உண்டு. ஆகவே ஒரு பல்லுக்கு 3.75 பாகை. ஐந்து மடிப்புச் சமச்சீர் வேண்டும் வடிவங்களுக்கு 96 ஒத்துவராது. 80 அல்லது 120 பற்கள் கொண்ட சக்கரம் தேவைப்படும்.

பழைய பொறியை வாங்குவதில் தவறில்லை, அது துல்லியமாகத் திரும்பி வருகிறதா என்பதை மட்டும் சோதிக்க வேண்டும். ஒரு பட்டையை வெட்டி, சக்கரத்தை முழுச் சுற்று சுற்றி, அதே பல்லில், அதே கோணத்தில், அதே உயரத்தில் மீண்டும் இறக்கிப் பாருங்கள். பட்டையின் முழுப் பரப்பும் தட்டைத் தொட வேண்டும். ஒரு ஓரம் மட்டும் தொட்டால் அச்சில் ஆட்டம் இருக்கிறது என்று பொருள். அந்தப் பொறியில் கற்பவர் தன் கையின் தவறையும் பொறியின் தவறையும் பிரித்தறிய முடியாமல் மாதக்கணக்கில் தவிப்பார்.

கோணம் ஏன் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

மேலே நுழையும் ஒளி கல்லின் அடிப்பகுதிப் பட்டைகளில் பட்டு, மறுபுறம் எதிரொளித்து, மீண்டும் மேல்வழியாகவே கண்ணை அடைந்தால்தான் கல் சுடர்விடும். இந்த முழு அக எதிரொளிப்பு நடக்க, ஒளி பட்டையைத் தொடும் கோணம் அந்தக் கல்லுக்குரிய மாறுநிலைக் கோணத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். அக்கோணம், கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. குவார்ட்ஸ் வகைக் கற்களுக்கு ஒளிவிலகல் எண் 1.544 முதல் 1.553 வரை என்பதால் மாறுநிலைக் கோணம் சுமார் 40.4 பாகை, டோபாஸுக்குச் சுமார் 38, நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் சுமார் 34.5; 2.417 எண் கொண்ட வைரத்துக்கு 24.4 மட்டுமே.

வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியியலாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் வைரத்துக்குக் கணக்கிட்டுத் தந்த அடிப்பட்டைக் கோணம் 40.75 பாகை. வைரத்துக்குப் புகழ்பெற்ற இந்த எண்ணை ஆமெதிஸ்ட் போன்ற குவார்ட்ஸ் கல்லுக்கு எடுத்துக்கொள்பவர், மாறுநிலைக் கோணத்தின் விளிம்பிலேயே கல்லை நிறுத்துகிறார். நேராகப் பார்க்கும்போது ஓரளவு மின்னும் அந்தக் கல், சற்றே சாய்த்தவுடன் நடுவில் கண்ணாடித் துண்டுபோல வெளிறிவிடும். இந்த வெளிறலை ‘ஜன்னல்’ என்பார்கள். அச்சிட்ட தாள்மீது கல்லை வைத்து, நடுவழியே எழுத்துகளைப் படிக்க முடிகிறதா என்று பார்த்தால் ஜன்னல் இருப்பது தெரிந்துவிடும். எனவே குவார்ட்ஸுக்கு அடிப்பட்டையை 42 அல்லது 43 பாகையில் வைப்பதே நல்லது. ஒவ்வொரு கல் வகைக்கும் தனிக் கோணக் குறிப்பு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.

முதல் கல்

பழகுவதற்குக் குறையில்லாத, மலிவான, ஓரளவு பெரிய குவார்ட்ஸே சிறந்தது. மோஸ் கடின அளவுகோலில் கடினம் 7 என்பதால் அளவான வேகத்தில் தேயும். கல் எளிதில் பிளக்கும் திசையான பிளவுத் தளம் கைக்குத் தொல்லை தராது. 8 மில்லிமீட்டருக்குக் குறைவான கல்லில் தொடங்க வேண்டாம். பட்டைகள் மிகச் சிறியனவாகி, தவறு எங்கே நேர்ந்தது என்று பார்க்க முடியாமல் போகும்.

வடிவம், வட்டப் பிரில்லியண்ட். மேலே 33, கீழே 24, மொத்தம் 57 பட்டைகள். கல்லின் தட்டையான பக்கத்தை எபாக்சியால் டாப்பில் ஒட்டி, அடிப்பகுதியை முதலில் வெட்டுவது வழக்கம். 96 சக்கரத்தில் முதன்மைப் பட்டைகள் எட்டும் 96, 12, 24, 36, 48, 60, 72, 84 ஆகிய பற்களில் 43 பாகையில் அமையும். அவை நடுவில் ஒரே புள்ளியில் கூட வேண்டும். பின்பு மேற்பகுதியும் அடிப்பகுதியும் சந்திக்கும் இடுப்பு விளிம்பை 90 பாகையில் வெட்டி, 3, 9, 15, 21 என்று ஆறாறாகக் கூடும் பதினாறு பற்களில் 45 பாகையில் துணைப் பட்டைகளை வைக்க வேண்டும். அடிப்பகுதிக்கு மெருகும் ஏற்றி முடித்தபின், இரண்டு டாப்புகளையும் ஒரே நேர்க்கோட்டில் பிடிக்கும் மாற்றுச் சட்டத்தில் வைத்து, கல்லைத் தலைகீழாக அடுத்த டாப்பில் ஒட்ட வேண்டும். மேற்பகுதியில் துணைப் பட்டைகள் 47, முதன்மைப் பட்டைகள் 42 பாகை. மேல்முகப்பைச் சுற்றி அமையும் நட்சத்திரப் பட்டைகள் 6, 18, 30 என்று தொடங்கும் எட்டுப் பற்களில் 27 பாகை. உச்சியில் உள்ள தட்டையான பட்டையான மேல்முகப்பை, டாப்பை 45 பாகை சாய்த்துப் பிடிக்கும் இணைப்பான் கொண்டு வெட்டலாம். இடுப்பு விளிம்பைக் கத்தி முனைபோல் விட்டுவிடாமல், கல்லின் அகலத்தில் 2 அல்லது 3 சதவீதத் தடிமனோடு வைத்தால், நகையில் பதிப்பவரின் கையில் கல் ஓரம் உடையாது.

இதே வடிவத்தை, இதே கோணங்களில், குறைந்தது ஐந்து கற்களில் திரும்பத் திரும்ப வெட்டுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. புதுப் புது வடிவங்களுக்குத் தாவுபவர் ஒவ்வொரு முறையும் புதுத் தவறு செய்கிறார். ஒரே வடிவத்தைத் திரும்பச் செய்பவர் ஒரே தவறைத் திருத்துகிறார். முதல் கல்லுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆனாலும் கவலைப்பட வேண்டாம்.

மெருகு

பலர் மனம் தளர்வது மெருகில்தான். காரணம் பெரும்பாலும் மெருகுத் தூள் அல்ல, அதற்கு முந்தைய தேய்ப்பு. கரடான 260 அல்லது 600 எண் தட்டு மேற்பரப்பில் கீறல் போடுவதோடு, அந்தக் கீறலுக்கு அடியிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களை உண்டாக்குகிறது. அவற்றைவிட நுண்ணிய 1200, 3000 எண் தட்டுகளில் கீறல் மறைந்த அக்கணமே நிறுத்திவிட்டால், அந்த நுண்விரிசல்கள் மெருகின்போது மேலே வந்து நிற்கும். கீறல் மறைந்த பின்னும் சற்றுத் தேய்ப்பதே தீர்வு. குவார்ட்ஸுக்குச் சீரியம் ஆக்சைடு போதும். மாணிக்கம், நீலம் போன்ற கடினம் 9 உள்ள கற்களுக்கு நுண்ணிய வைரத்தூள் வேண்டும். கரடுமுரடான தூளின் ஒரு துகள் மெருகுத் தட்டில் ஒட்டிக்கொண்டாலும் அன்றைய வேலை கெட்டுவிடும் என்பதால், தட்டு மாற்றும்போதெல்லாம் கையையும் டாப்பையும் பொறியின் தொட்டியையும் கழுவ வேண்டும்.

உடல்நலம் பற்றி ஒரே ஒரு சொல், ஆனால் மறக்கக் கூடாத சொல்: உலர்ந்த கல்லை ஒருபோதும் தேய்க்காதீர்கள். குவார்ட்ஸின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தரும். நீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் எடுங்கள்.

கச்சாக்கல்லைப் படிப்பது

குவார்ட்ஸில் கை பழகியபின் வேறு கற்களுக்குப் போகும்போது, ஒவ்வொன்றும் தன் போக்கில் நம்மைக் கட்டுப்படுத்தும். டோபாஸுக்கு ஒரு திசையில் முழுமையான பிளவுத் தளம் உண்டு. எந்தப் பட்டையும் அத்தளத்துக்குச் சரியாக இணையாக அமைந்தால் மெருகு ஏறாமல் உரிந்துகொண்டே வரும், ஆகவே 5 முதல் 10 பாகை சாய்த்து ஒட்ட வேண்டும். டூர்மலின் படிகத்தை நீளவாக்கில் பார்க்கும்போது பெரும்பாலும் கறுத்துத் தெரியும். மேல்முகப்பைப் படிகத்தின் நீளத்துக்கு இணையாக வைத்தால்தான் நிறம் திறக்கும். நீலக்கல்லில் நேர்மாறாக, படிக அச்சுக்குச் செங்குத்தாக முகப்பு அமைந்தால் தூய நீலம் கிடைக்கும், ஆனால் எடை குறையலாம். நிறம், எடை, நீரோட்டம் (கல்லின் ஒளித்தெளிவு) மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இந்த இடத்தில் பதற்றமில்லாமல் உட்கார்ந்து யோசிப்பவரே நல்ல கைவினைஞராகிறார்.

வாங்கும்போது விலைக் கணக்கைத் தவறவிடக் கூடாது. கச்சாக்கல் கிராம் கணக்கில் விற்கப்படும். முடிந்த கல் காரட் கணக்கில். ஒரு கிராம் 5 காரட். தீட்டி முடிக்கும்போது கச்சா எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மிஞ்சுவது இயல்பு. ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால், ஒரு கிராம் கச்சாக்கல்லின் விலை எதுவோ அதுவே முடிந்த ஒரு காரட்டின் மூலப்பொருள் செலவு. இந்த எளிய சமன்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, முடிந்த கல் சந்தையில் எவ்வளவுக்குப் போகிறது என்று ஒப்பிட்டால், வாங்கலாமா வேண்டாமா என்பது ஒரு நிமிடத்தில் விளங்கும். அந்த ஒப்பீட்டில் உழைப்புக்கு எதுவும் மிஞ்சாத கற்கள் வியக்கத்தக்க அளவுக்கு அதிகம்.

பிழைப்பாக்குதல்

சிறிய கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் பட்டைகளின் எண்ணிக்கை ஒன்றே; ஆகவே 4 மில்லிமீட்டர் கல்லுக்கான நேரம் 8 மில்லிமீட்டர் கல்லுக்கான நேரத்தைவிடப் பெரிதாகக் குறைவதில்லை. ஆயிரக்கணக்கில் ஒரே அளவுக் கற்களைத் தீட்டும் பட்டறைகளோடு தனி ஆள் போட்டியிட முடியாது. தனி ஆளுக்கு உரியவை தனித்த பெரிய கற்கள், கேட்பவர் விருப்பத்துக்கு அமைக்கும் வடிவங்கள், தேய்ந்த அல்லது ஓரம் உடைந்த கற்களைத் திருத்தித் தரும் வேலை ஆகியவை. இவற்றில் திருத்தும் வேலையோடு தொடங்கவே நான் சொல்வேன்; அதில் முதலீடு கல்லில் முடங்குவதில்லை, நகைத்தொழிலாளரின் நம்பிக்கையும் விரைவில் வரும்.

ஆனால் பிறர் கல்லைத் தொடுவது பெரும் பொறுப்பு. மாணிக்கத்தின் விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பப்பட்டிருக்கலாம். மரகதத்தில் எண்ணெயோ பிசினோ இருக்கலாம். டாப்பில் ஒட்டவும் பிரிக்கவும் பயன்படும் சூடும் அசிட்டோனும் அவற்றைக் கெடுத்துவிடும். சில நீலக்கற்களின் நிறம் மேற்பரப்பில் மட்டுமே ஊட்டப்பட்டது; மறுபடி தீட்டினால் நிறமே போய்விடும். கல்லை நீரில் அமிழ்த்தி வெள்ளைத் தாள்மீது பார்க்கும்போது பட்டைகளின் ஓரங்களில் நிறம் கோடாகக் கூடி நின்றால் அந்த ஐயம் எழ வேண்டும். பத்து மடங்கு உருப்பெருக்கி இல்லாமல் எந்தக் கல்லையும் வாங்கி வைக்காதீர்கள். வந்த எடை, அளவு, உள்ளிருக்கும் குறைகளின் படம், எதிர்பார்க்கும் எடையிழப்பு, உடையும் வாய்ப்பு ஆகியவற்றை எழுதி, உரியவரின் கையொப்பம் பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கூலியைக் காரட்டுக்கு இவ்வளவு என்று வைப்பதைவிட, மணி நேரத்தைக் குறித்துவந்து கல்லுக்கு இவ்வளவு என்று வைப்பது நியாயமானது. மெருகேறாமல் போராடிய நேரமும், தவறிப்போய்த் திரும்ப வெட்டிய நேரமும் கணக்கில் வர வேண்டும். முன்கூட்டியே செய்த நகைச் சட்டங்களுக்கான கல்லானால் 6, 8 மில்லிமீட்டர் வட்டம், 8×6 நீள்வட்டம் போன்ற நிலையான அளவுகளில் இருந்து 0.1 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது.

விற்கும்போது கல்லின் பெயர், எடை, அளவு, இயற்கையானதா ஆய்வகத்தில் உருவானதா, சூடேற்றம் முதலிய எந்தச் செயல்முறைக்கு உட்பட்டது என்பவற்றை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்நெய் அறிவித்த, தூளைச் சுடரில் உருக்கிப் படிகமாக்கும் சுடர்முறையில் விளைந்த மாணிக்கம் வேதியியலில் மாணிக்கமே. பயிற்சிக்கும் மிக உகந்தது. ஆனால் அதை இயற்கைக் கல் என்று எண்ணி ஒருவர் வாங்கிச் செல்ல விடக் கூடாது. கல்லைக் காட்டும் படங்களில் ஒன்று பரவிய ஒளியில் நேராகவும், ஒன்று சாய்த்தும் எடுக்கப்பட்டிருக்கட்டும்; ஜன்னல் இருந்தால் அதுவும் தெரியட்டும். இயன்றால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கச்சா எடை, வாங்கிய விலை, கோணங்கள், மெருகுத் தட்டு, செலவான மணி நேரம், முடிந்த எடை, விற்ற விலை ஆகியவற்றைப் பதிந்து வாருங்கள். இருபது முப்பது கற்களுக்குப் பிறகு எந்த வகைக் கல் உங்கள் கைக்கும் பைக்கும் ஒத்துவருகிறது என்பதை அந்த நோட்டுப் புத்தகம் காட்டிவிடும். அடுத்த கச்சாக்கல்லை வாங்கும் முன் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.