கேரவன் ஜெனரேட்டர் சூடேறி நிற்கிறதா? முதலில் காற்றைப் பாருங்கள்

14 வருடமாகப் படப்பிடிப்பு கேரவன்களில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். மே மாதம் பிறந்தால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வண்டி வைத்திருக்கும் தம்பிகளிடமிருந்து போன் வரும். "அண்ணா, டெம்பரேச்சர் ஏறி டிரிப் ஆகுது. கூலண்ட் மாத்தியும் நிக்குது." அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

இப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது ஈ.சி.ஆரில், முட்டுக்காடு தாண்டி ஒரு பங்களாவில். அக்னி நட்சத்திர நாட்கள். காலை 6 மணியிலிருந்து ஒழுங்காக ஓடிய 10 கேவிஏ ஜெனரேட்டர் மதியம் ஒன்றரைக்கு நின்றது. ஆறவிட்டுப் போட்டேன், இருபது நிமிடத்தில் மறுபடி நின்றது. உள்ளே வயதான நடிகை ஒருவர் மேக்கப்போடு, ஏசி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை ஓடவில்லை. தண்ணீர் சரி, பெல்ட் சரி. மூன்றாவது முறை ஓடும்போது வண்டிக்கு அடியில் குனிந்தேன். முகத்தில் அனல் அடித்தது.

அந்த வண்டியில் ஜெனரேட்டர் அடியிலிருந்து காற்றை இழுத்து, ரேடியேட்டர் வழியாகத் தள்ளி, இடது பக்க ஜன்னல் கம்பி வழியே வெளியே விடும். இடது பக்கம் கடலைப் பார்த்து நின்றது. காலையில் காற்று மேற்கிலிருந்து வந்ததால் அனல் கடல் பக்கம் போய்விட்டது. மதியம் கடல்காற்று ஏறியதும் வெளியே வந்த அனலை அப்படியே வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டது. தான் விட்ட அனலையே ஜெனரேட்டர் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பி, இடது பக்கம் மேற்கே பார்க்க நிறுத்தினேன். இரவு பேக்கப் வரை நிற்கவே இல்லை.

இதைச் சோதிக்க வீட்டுச் சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் போதும். ஜெனரேட்டர் லோடில் ஓடும்போது காற்று உள்ளே போகும் இடத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு பத்தடி தள்ளி நிழலில் வையுங்கள். உள்ளே போகும் காற்று ஐந்து டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அனல் திரும்பி வருகிறது என்று அர்த்தம். வண்டியைத் திருப்புங்கள், அல்லது சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி நிறுத்துங்கள். திருப்பும்போது புகை எந்தப் பக்கம் போகிறது என்று அவசியம் பாருங்கள். பக்கத்து கேரவன் கதவுக்கு நேராக சைலன்சர் இருக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

சூடு ஏறியதும் கேனபி, அதாவது ஜெனரேட்டரை மூடியிருக்கும் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம். காற்று ரேடியேட்டர் வழியாகப் போகவேண்டும் என்றுதான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் காற்று சுலபமான வழியில் போய்விடும், ரேடியேட்டருக்குக் குறையும்.

காற்று சரி என்றால் அடுத்தது ரேடியேட்டர். எஞ்சினை நிறுத்தி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடமெல்லாம் அடைப்புதான். செட்டில் பறக்கும் தூசி, முடி, கேனபிக்குள் ஒட்டிய ஸ்பாஞ்ச் பிய்ந்து விழுந்த துண்டு, எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்தால் தகடுகள் மடங்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஷாம்பூ தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் இறுக்க வேண்டும்.

கூலண்ட் பார்க்கும் முன் பொறுமை வேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். சூட்டில் திறந்து கையும் முகமும் வெந்தவரை நேரில் பார்த்திருக்கிறேன். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டில் விரிசல் விழலாம். லொகேஷன் போர் தண்ணீரும் கூடாது. கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து குழாயை அடைத்துவிடும். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு கேன் வண்டியிலேயே வையுங்கள். கீழே சிந்தினால் கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், அது விஷம். மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் சீக்கிரமே கொதிக்கும். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ மூடி கிடைக்கும். பழையதைக் கொண்டுபோய், அதில் எழுதியிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள்.

எஞ்சின் கொதிக்கிறது, மேல் ஹோஸ் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

லோடையும் பாருங்கள். 10 கேவிஏ சிங்கிள் ஃபேஸ் என்றால் அதிகபட்சம் 43 ஆம்பியர் வரும். ஒயரைக் கவ்விப் பிடித்து கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 35க்கு மேல் போகாமல் நான் பார்த்துக்கொள்வேன். இரண்டு ஏசி ஓடும்போது கீசர், ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒன்றாகப் போட்டால் மதிய வெயிலில் தாங்காது. ஹேர் டிரெஸ்ஸர் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரே கீசரை அணைத்துவிட்டு டிரையர் போடுவார்.

வெளியே எங்கும் ஒழுகாமல் கூலண்ட் குறைகிறது, காலையில் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி குமிழியாக வருகிறது, ஆயிலும் பால் கலந்ததுபோல் இருக்கிறது என்றால் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அன்றைக்கு அந்த ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி, காலை 7 மணிக்குள் வேறு வண்டி கேளுங்கள்.