கேள்வி மட்டும் கேளுங்கள்: குவேக்கர்களின் தெளிவுக் குழுவை நடத்தும் முறை

வேலையை விடுவதா, ஊர் மாறுவதா என்று குழம்பி நிற்கும் ஒருவரைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்கிறார்கள். இரண்டு மணி நேரம் கேள்வி மட்டும் கேட்கிறார்கள். யோசனை சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. குவேக்கர்கள் இதைத் தெளிவுக் குழு என்கிறார்கள்.

குவேக்கர்கள் என்பவர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற போதகரைச் சுற்றி உருவான கிறிஸ்தவப் பிரிவினர். ஒவ்வொருவருக்குள்ளும் இறையொளி உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பாதிரியாரே வேண்டாம் என்றார்கள். சத்தியப்பிரமாணம் எடுத்தால்தான் உண்மை பேசுவோம் என்றால் மற்ற நேரத்தில் பேசுவது என்ன என்று கேட்டு, நீதிமன்றத்தில் பிரமாணம் செய்ய மறுத்துச் சிறைக்கும் போனார்கள். தெளிவுக் குழு முதலில் திருமணம் செய்துகொள்ள விரும்பிய ஜோடிகளுக்காக ஏற்பட்டது. தனிப்பட்ட முடிவுகளுக்கும் அதைப் பயன்படுத்துவது 20ஆம் நூற்றாண்டில் பரவியது. சமய நம்பிக்கை இல்லாதவர்களும் இதை நடத்தலாம்.

பிரச்சினைக்கு உரியவர்தான் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயது, தொழில், பின்னணி கலந்திருப்பது நல்லது. கணவன், மனைவி, மேலதிகாரி, கடன் கொடுத்தவர் என்று முடிவால் லாபமோ நட்டமோ அடையக்கூடியவர்கள் வேண்டாம். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே பிரச்சினை என்ன, அதன் பின்னணி என்ன, அடுத்து என்ன வரும் என்று தோன்றுகிறது என்று இரண்டு மூன்று பக்கம் எழுதி எல்லோருக்கும் கொடுக்கட்டும். பாதித் தெளிவு இந்த எழுத்திலேயே வந்துவிடுவதுண்டு. நேரத்தையும் விதிகளையும் பார்த்துக்கொள்ள ஒருவர், கேள்வி பதில்களைக் குறித்துக்கொள்ள ஒருவர் போதும்.

சில நிமிட மௌனத்தோடு தொடங்குங்கள். பிரச்சினைக்கு உரியவர் பத்து நிமிடம் பேசுவார். பிறகு கேள்விகள்.

எல்லாம் கெட்டுப்போவது இங்கேதான். “அப்பாகிட்ட ஒரு தடவை பேசிப் பார்த்தீங்களா?” என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை. “ஏன் இன்னும் பொறுத்துக்கிட்டு இருக்கீங்க?” என்பது தீர்ப்பு. சோதனை எளிது: பதில் இதுதான் என்று உங்கள் மனதில் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கேள்வியை விழுங்கிவிடுங்கள். “அந்த வேலையை நினைக்கும்போது உடம்பில் என்ன தெரிகிறது?”, “இதற்கு முன் இப்படி முடிவெடுத்த ஒரு நேரம் நினைவிருக்கிறதா?” போன்றவை இந்தச் சோதனையில் தேறும். கேள்விக்கு முன்னால் முன்னுரை, உங்கள் சொந்த அனுபவம் எதுவும் வேண்டாம்.

இவ்வளவு கறார் எதற்கு? அறிவுரை வந்த நொடியில் பிரச்சினைக்கு உரியவர் அதை மறுக்கவோ, சொன்னவர் மனம் நோகாமல் தலையாட்டவோ தொடங்கிவிடுகிறார். தன் பிரச்சினையை விட்டுவிட்டு அடுத்தவரைச் சமாளிக்கிறார். சொன்னவருக்கு மட்டும் நிம்மதி. நம் வீடுகளில் வயதில் மூத்தவருக்கு இந்த விதி மிகக் கடினம். ஆனால் அவருக்கென்று தளர்த்தினால் குழுவில் சமத்துவம் போயிற்று.

கேள்விகளுக்கு நடுவே மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். அவர் அழுதால் கட்டிப்பிடித்துத் தேற்ற வேண்டாம், காத்திருங்கள். தேற்றினால் அவர் உங்களுக்காக அழுகையை நிறுத்திக்கொள்வார். எந்தக் கேள்விக்கும் காரணம் சொல்லாமலே பதில் மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

கடைசி இருபது நிமிடத்தில், கண்டதைத் திருப்பிச் சொல்லலாமா என்று அவரிடம் கேளுங்கள். சம்மதித்தால், கேட்டதையும் பார்த்ததையும் மட்டும்: “பழைய வேலையைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்தது.” “அப்படியென்றால் உங்களுக்கு அது பிடிக்கவில்லை” என்று பொருள் சொன்னால் மறுபடி அறிவுரைக்குள் போய்விட்டீர்கள்.

இருவருக்கு இடையிலான சண்டைக்கு இந்த முறை உதவாது. தற்கொலை எண்ணமோ வீட்டில் அடி உதையோ இருந்தால் உடனடி உதவிதான் தேவை, குழு அல்ல. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு ஒப்புதல் தேடுபவருக்கும் இது ஏமாற்றமே.

குறிப்புகள் அனைத்தும் பிரச்சினைக்கு உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். பேசியதை வெளியே சொல்லக் கூடாது. அவரிடமே பிறகு “என்ன முடிவு பண்ணீங்க?” என்று கேட்கவும் கூடாது, அவராகப் பேச்சை எடுத்தால் பேசலாம்.