அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளை வகுப்பில் நடத்துவது எப்படி?

அமெரிக்க விடுதலைப் போர் பாடத்துக்கு வரும்போது, புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களில் பலர் "போருக்கான காரணங்கள்" என்று தலைப்பிட்டு, சர்க்கரைச் சட்டம், முத்திரைச் சட்டம், தேயிலைச் சட்டம் என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். அலகுத் தேர்வுக்கு அது போதும். ஆனால் 1763இல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் வெற்றியைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடிய, அவருடைய ஆட்சிக்கு உட்பட்ட அமெரிக்கக் குடியேற்றங்களின் மக்கள், 1775 ஏப்ரலில் அதே மன்னரின் படையை நோக்கிச் சுட்டது ஏன் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. மனக்கசப்பு படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியிலும் இரு தரப்புக்கும் இறங்கிவர வழி இருந்தது. அதை மாணவர்கள் உணரும்படி நான்கு பாடவேளைகளில் நடத்தும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: முடிவைச் சொல்லாமல் தொடங்குங்கள்

பாடத்தின் முதல் வரியிலேயே 1776 ஜூலை 4 என்று சொல்லிவிட்டால், அதற்கு முன் நடந்த எல்லாமே அந்த நாளை நோக்கித்தான் போனது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அக்காலத்தில் வாழ்ந்த எவருக்கும் அந்த நாள் தெரியாது. ஆகவே நான்காவது பாடவேளை முடியும்வரை விடுதலைப் பிரகடனத்தைப் பற்றிப் பேசாதீர்கள். தெரிந்த மாணவர் யாராவது சொன்னால், "அது இருக்கட்டும், இப்போது நாம் 1765இல் இருக்கிறோம்" என்று நிறுத்திவிடுங்கள்.

ஒரு பெரிய சார்ட் தாளில் மூன்று பத்திகள் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். முதல் பத்தி லண்டன் செய்தது, இரண்டாவது குடியேற்ற மக்கள் செய்தது, மூன்றாவது "இங்கே சமாதானம் ஆகியிருக்கலாமா?" என்ற கேள்விக்கு வகுப்பு தரும் விடை. கரும்பலகையில் வரைந்தால் அடுத்த பாடவேளைக்கு வரும் கணக்கு ஆசிரியர் அழித்துவிடுவார்; நான்கு நாளும் கண்ணெதிரே இருந்தால்தான் இந்த அட்டவணையால் பயன் உண்டு. இதைத் தவிர, வட அமெரிக்காவின் கிழக்குக் கரை வரைபடம் ஒன்று, ஒரு படி புளியங்கொட்டை, ஒரு முத்திரைத்தாள், பாஸ்டன் படுகொலை ஓவியத்தின் நகல் ஆகியவை தேவைப்படும்.

படி 2: லண்டனின் கடனிலிருந்து நடத்துங்கள்

ஏழாண்டுப் போரில் பிரான்சை வென்று, 1763 பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் கனடாவையும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலப்பரப்பையும் பிரிட்டன் பெற்றது. ஆனால் அந்தப் போருக்குள் அதன் தேசியக் கடன் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. அமெரிக்காவில் பத்தாயிரம் அளவிலான படைவீரர்களைத் தொடர்ந்து நிறுத்திவைக்க லண்டன் முடிவு செய்தது. அவர்களுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை, அந்தப் பாதுகாப்பை அனுபவிக்கும் மக்களே தரட்டும் என்று அமைச்சர் கிரென்வில் நினைத்ததில் பெரிய அநியாயம் எதுவும் இல்லை. இங்கிலாந்து மக்கள் 1694 முதலே முத்திரை வரி கட்டிவந்தார்கள். இந்தப் பாடவேளையின் முடிவில் "லண்டன் சொல்வதும் சரிதானே, சார்" என்று ஒரு மாணவராவது சொன்னால், பாடம் நல்ல வழியில் போகிறது என்று கொள்ளலாம்.

1763 அக்டோபரில் வந்த அரசப் பிரகடனம், அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது என்று தடுத்தது. போன்டியாக் முதலிய பழங்குடித் தலைவர்கள் அப்போது எல்லைக் கோட்டைகளைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகை மேலும் வளராமல் தடுப்பது லண்டனின் நோக்கம். போரில் வென்ற நிலம் நமக்கு இல்லையா என்று குடியேறியவர்கள் முணுமுணுத்தார்கள். வரைபடத்தில் அந்த மலைத்தொடரை ஒரு மாணவரைக் கொண்டு சிவப்புக் கோடாக வரையச் சொல்லுங்கள்.

1764 சர்க்கரைச் சட்டத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதில் உள்ள விந்தையைத் தவறவிடாதீர்கள்: ரம் காய்ச்சப் பயன்பட்ட அயல்நாட்டு வெல்லப்பாகுக்கான வரியை அது கேலனுக்கு ஆறு பென்னியிலிருந்து மூன்று பென்னியாகக் குறைத்தது. பழைய வரியைக் கடத்தல் மூலமும் கையூட்டு மூலமும் ஏய்த்துவந்த வணிகர்களுக்கு, குறைந்த வரியைக் கண்டிப்பாக வசூலித்ததுதான் சுமையாகப் பட்டது.

படி 3: புளியங்கொட்டை வரி

1765 மார்ச் 22ஆம் நாள் நிறைவேறிய முத்திரைச் சட்டம், நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. செய்தித்தாள், நீதிமன்ற ஆவணம், பஞ்சாங்கம், பட்டப்படிப்புச் சான்று, சீட்டுக்கட்டு, தாயக்கட்டை என எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். முதலில் நீங்கள் கொண்டுவந்த முத்திரைத்தாளை மாணவர்களிடம் கைமாற்றிக் காட்டுங்கள். வீட்டில் வாடகை ஒப்பந்தம் எழுதியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது என்ன என்று சட்டெனப் புரிந்துவிடும்.

பிறகு விளையாட்டு. வழக்கமாக இந்த விளையாட்டை, ஆசிரியர் திடீரென்று வரி கேட்பது, மாணவர்கள் கோபப்படுவது என்ற அளவில் நடத்துவார்கள். அது போதாது. குடியேற்றங்களுக்குச் சொந்தச் சட்டமன்றங்கள் இருந்தன. தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக் கட்டிவந்த பழக்கம் பல தலைமுறைகளாக அவர்களுக்கு இருந்தது. அது இல்லாமல் விளையாடினால், அமெரிக்கர்கள் வரியே கட்ட விரும்பாதவர்கள் என்ற தவறான எண்ணம் பதிந்துவிடும்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, ஒவ்வொரு வரிசையும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிரதிநிதிகள் கூடிப் பேசி, வகுப்பு நிதிக்கு ஆளுக்கு இரண்டு கொட்டை தருவது என்று முடிவு செய்யட்டும். எல்லாரும் முகம் கோணாமல் தந்துவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் ஓர் உறையைப் பிரித்து, "வேறு கட்டடத்தில் கூடிய குழுவின் ஆணை" என்று படியுங்கள்: நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு கொட்டை, பேனா இரவல் வாங்கினால் ஒரு கொட்டை. மொத்தம் இரண்டுக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் போனது ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டாம் முறை மட்டும் வகுப்பில் சலசலப்பு எழும். "முதலில் தந்தீர்களே, இப்போது ஏன் கோபம்?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் நின்றுகொள்ளுங்கள். "எங்களைக் கேட்கவே இல்லையே" என்ற விடை வகுப்பிலிருந்தே வரும். பிரதிநிதித்துவம் இல்லையேல் வரி இல்லை என்ற முழக்கத்தை அதற்குப் பிறகு எழுதினால் போதும். மணி அடிப்பதற்குள் இது விளையாட்டு என்று சொல்லி முடித்துவிட வேண்டும். வருத்தத்தோடு எந்தக் குழந்தையும் வீட்டுக்குப் போகக் கூடாது.

விளையாட்டு முடிந்த சூட்டோடு நடந்ததைச் சொல்லுங்கள். ஆகஸ்டு 14ஆம் நாள் பாஸ்டனில், முத்திரை விற்பனைக்கு நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மை மரத்தில் தொங்கவிடப்பட்டது. பன்னிரண்டு நாள் கழித்துத் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீடு சூறையாடப்பட்டது. அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடி, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் பணிவான விண்ணப்பங்கள் எழுதினார்கள். கல் வீசியதும் விண்ணப்பம் எழுதியதும் ஒரே இயக்கத்தின் இரு கைகள் என்பதை மறைக்காமல் நடத்துவதே நேர்மை.

படி 4: 1766இல் சற்று நில்லுங்கள்

பெரும்பாலான பாடக்குறிப்புகள் அவசரமாகத் தாண்டிப்போகும் ஆண்டு இது. மார்ச் 18ஆம் நாள் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது. அமெரிக்க நகரங்கள் விளக்கேற்றிக் கொண்டாடின. நன்றியின் அடையாளமாக மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சிலை வைக்க நியூயார்க் தீர்மானித்தது. ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய, குதிரைமீது அமர்ந்த அந்தச் சிலை 1770இல் நிறுவப்பட்டது. (அது பின்னால் என்ன ஆனது என்பதை இப்போது சொல்லாதீர்கள்.) மூன்றாவது பத்தியில் பெரும்பாலான மாணவர்கள் இங்கே "ஆம்" என்று எழுதுவார்கள். எழுதட்டும். எழுதி முடித்ததும், நீக்கிய அதே நாளில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் இயற்றியதைச் சொல்லுங்கள்: எந்த விஷயத்திலும் அமெரிக்காவைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு முழு அதிகாரம் உண்டு என்பதே அந்த அறிவிப்புச் சட்டம். வரி போனது, வரி விதிக்கும் உரிமை போகவில்லை. ஒரு வருடம் கழித்து, கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது நிதியமைச்சர் டவுன்ஷெண்டின் வரிகள் வந்தன.

படி 5: ஓர் ஓவியத்தைச் சாட்சியாக விசாரியுங்கள்

இறக்குமதிப் பொருள்களைப் புறக்கணித்த பாஸ்டனில் 1768 அக்டோபரில் படை வந்திறங்கியது. 1770 மார்ச் 5ஆம் நாள் இரவு சுங்க அலுவலகத்தின் முன் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். கறுப்பின, பழங்குடி மரபில் வந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் அவர்களுள் ஒருவர். சில வாரங்களுக்குள் பால் ரெவியர் வெளியிட்ட செதுக்கோவியம் ஊரெங்கும் பரவியது.

ஓவியத்தைக் கொடுத்து, கண்ணில் படுவதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். வீரர்கள் ஒரே வரிசையில் நின்று சுடுகிறார்கள், பின்னால் அதிகாரி வாளை உயர்த்தி ஆணையிடுகிறார், எதிரே நல்ல உடையணிந்த மக்கள் வெறுங்கையோடு விழுகிறார்கள், சுங்க அலுவலகத்தின் மேல் கசாப்புக்காரனின் கூடம் என்ற பொருளில் ஒரு பெயர்ப்பலகை. அதன் பிறகு வழக்கில் வெளிவந்தவற்றைத் தாருங்கள்: தெருவில் பனி கிடந்தது, கூட்டத்தினர் பனிக்கட்டியும் கட்டையும் வீசினார்கள், கூச்சலும் குழப்பமுமாக இருந்தது, தளபதி பிரெஸ்டன் சுடும்படி ஆணையிட்டார் என்பது நிரூபணமாகவில்லை. வீரர்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். பிரெஸ்டனும் ஆறு வீரர்களும் விடுதலையானார்கள். இருவர் மட்டும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காகக் கட்டைவிரலில் சூடு போடப்பட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்ட பிறகு, "அப்படியானால் ஓவியம் பொய்யா?" என்று கேட்பார்கள். நடந்ததை அறிய அது பலவீனமான சாட்சி. மக்கள் எதை நம்ப விரும்பினார்கள் என்பதை அறிய அதைவிட வலுவான சாட்சி கிடைக்காது.

படி 6: தேயிலையை நம் ஊர்க் கும்பெனியோடு இணையுங்கள்

தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு முகம் இங்கே வருகிறது. பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலை, சென்னைக் கோட்டையிலிருந்து ஆட்சி செய்த அதே கிழக்கிந்தியக் கும்பெனியுடையது. 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து உடன்படிக்கை செய்யவைத்த போரினால் கும்பெனியின் பங்குவிலை லண்டனில் சரிந்தது. மறு ஆண்டு வங்காளத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. கிடங்குகளில் விற்காத தேயிலை மலையாகக் குவிந்தது. கும்பெனி அரசிடம் கடன் கேட்டு நின்றது. 1773இல் நாடாளுமன்றம் அதற்குச் செய்த ஏற்பாடுகளில் ஒன்று, சென்னையைக் கல்கத்தாவின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டம். மற்றொன்று தேயிலைச் சட்டம். நம் பாடநூல்களில் வெவ்வேறு அலகுகளில் கிடக்கும் இவ்விரண்டையும் ஒரே நாளில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுங்கள்.

அந்தச் சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது. பின் ஏன் எதிர்ப்பு? மாணவர்களைச் சிறு குழுக்களாக யோசிக்க விடுங்கள். கும்பெனி தான் தெரிந்தெடுத்த சிலர் வழியாக மட்டுமே விற்கப்போகிறது என்பதால் உள்ளூர் வணிகரின் பிழைப்பு போகும். பவுண்டுக்கு மூன்று பென்னி வரி அப்படியே இருப்பதால், மலிவான தேநீரைக் குடிப்பதே நாடாளுமன்றத்தின் உரிமையை ஒப்புக்கொள்வதாக ஆகும். பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் கப்பல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. பாஸ்டனில், இப்போது ஆளுநராகிவிட்ட ஹட்சின்சன் வரி கட்டாமல் திரும்பவிட மறுத்தார்; தேயிலையைப் பெறவிருந்த முகவர்களில் அவருடைய மகன்களும் இருந்தார்கள். டிசம்பர் 16ஆம் நாள் இரவு, மோகாக் பழங்குடியினர் போல் வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள்.

படி 7: தண்டனை ஒற்றுமையானதைக் காட்டுங்கள்

1774இல் லண்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. அந்நகரம் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தன்னாட்சியைச் சுருக்கியது. ஒரு குடியேற்றத்தைத் தனிமைப்படுத்தினால் மற்றவை அடங்கும் என்பது கணக்கு. தென் கரோலினாவிலிருந்து அரிசியும் கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளும் பாஸ்டனுக்கு வந்தன. செப்டம்பரில் ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் கூடின. அவர்களும் விடுதலை கேட்கவில்லை, 1763க்கு முந்தைய நிலையைத்தான் கேட்டார்கள்.

இந்த இடத்தில் அடிமைகளைப் பற்றிப் பேசாமல் போகாதீர்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அடிமைகள். சுதந்திரம் பற்றிய இந்தப் பேச்சையெல்லாம் கேட்ட மாசசூசெட்ஸ் அடிமைகள் 1773லேயே தங்கள் விடுதலைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். மன்னர்பக்கம் நின்றவர்களும் ஏராளம். அவர்கள் எல்லாரையும் துரோகிகளாகக் காட்டுவது வரலாறு ஆகாது.

படி 8: மதிப்பிடுதல்

நான்காம் நாள் முடிவில் 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டன் துப்பாக்கிச் சூட்டைச் சொல்லி, சார்ட்டின் மூன்றாவது பத்தியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். நியூயார்க் சிலையை 1776 ஜூலையில் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தி, அந்த ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டுகளாக்கியதை இப்போது சொல்லலாம்.

தேர்வுக்கு ஒரே கேள்வி போதும்: "நீங்கள் 1774 டிசம்பரில் வாழும் பாஸ்டன் அச்சுக்கூடக்காரர், லண்டன் நாடாளுமன்ற உறுப்பினர், வர்ஜீனியப் பண்ணை அடிமை ஆகியோரில் ஒருவர். உங்கள் நிலையை ஒரு பக்கக் கடிதமாக எழுதுக." திருத்தும்போது ஆண்டுகளும் சட்டப் பெயர்களும் சரியாக இருந்தால் பாதி மதிப்பெண்; எழுதுபவருக்கு 1774க்குப் பின் நடந்தது எதுவும் தெரியாதபடி கடிதம் அமைந்திருந்தால் மீதிப் பாதி.