குயில்ட் தைக்கத் தொடங்குபவர்கள் துணி வெட்டும் மெஷினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குயில்ட், தைக்கக் கற்றுக்கொள்பவர்கள் தையலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் மூலையோடு மூலை சேராமல் போவதற்கு, பெரும்பாலும் தையலுக்கு முன்பே, வெட்டும் மேசையிலேயே காரணம் உருவாகிவிடுகிறது. குயில்ட்டில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம் மட்டுமே. ஒவ்வொரு துண்டும் 1 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டப்பட்டால், 12 துண்டுகள் கொண்ட வரிசை 12 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அடுத்த வரிசை அதே அளவு குறைந்திருந்தால், இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஓர் அங்குல வேறுபாடு வந்துவிடும். அதை எவ்வளவு இழுத்துப் பிடித்துத் தைத்தாலும் சுருக்கம் விழாமல் இருக்காது. மெஷின் வாங்குவதன் முதல் நோக்கம் இந்தத் துல்லியம்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: எதை வெட்டப்போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், அடுத்த ஆறு மாதங்களில் தைக்க நினைப்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் எந்த வடிவம் எத்தனை துண்டு வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் என் முதல் மெஷினை வாங்கினேன். 48 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள ஒரு போர்வைக்கு, தைத்து முடிந்தபின் 4 அங்குலம் நிற்கும் சதுரங்கள் 180 தேவைப்பட்டன. தையல் ஓரத்தையும் சேர்த்து ஒவ்வொன்றும் நாலரை அங்குலம். நான் வாங்கிய கணினிவழி மெஷினின் ஒட்டுப்பாய், அதாவது வெட்டும்போது துணி நகராமல் ஒட்டிவைக்கும் பசையுள்ள பாய், 12 அங்குலச் சதுரம், அதில் ஒரு முறைக்கு நான்கு துண்டுகளே அடங்கும். 45 முறை துணியை ஒட்டி, வெட்டி, உரித்து எடுத்தேன். அதே வேலைக்கு 42 அங்குல அகலத் துணியில் 20 பட்டைகளை வெட்டி, ஒவ்வொரு பட்டையிலும் ஒன்பது சதுரங்கள் எடுத்தால் போதும். அதற்கு மெஷினே வேண்டியதில்லை.

படி 2: முதலில் உருளைக் கத்தியைப் பழகுங்கள்

ரோட்டரி கட்டர் எனப்படும் உருளைக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்தியது. சக்கரம்போல் உருளும் வட்டக் கத்தி, அளவுக்கோடுகள் உள்ள அக்ரிலிக் ஸ்கேல், வெட்டுத்தடம் தானாக மூடிக்கொள்ளும் பாய் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். கத்தி 18, 28, 45, 60 மில்லிமீட்டர் அளவுகளில் கிடைக்கிறது; தொடங்குபவர்களுக்கு 45 பொருத்தமானது. சதுரம், பட்டை, முக்கோணம் என நேர்கோடுகளால் ஆன எல்லாவற்றையும் இதனாலேயே வெட்டலாம். ஸ்கேலை அழுத்திப் பிடிக்கும் கையின் விரல்கள் அதன் விளிம்பைத் தாண்டக் கூடாது. கத்தியை உடலிலிருந்து விலகிச் செல்லும் திசையில் தள்ள வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் உறையை மூடிவிட வேண்டும். பாயை வெயிலில் வைத்தாலோ, அதன்மேல் இஸ்திரி போட்டாலோ அது நெளிந்துவிடும், பிறகு நேராகாது.

நீங்கள் எழுதிய பட்டியலில் நேர்கோட்டு வடிவங்கள் மட்டுமே இருந்து, மணிக்கட்டிலும் வலி இல்லையென்றால், இத்துடன் நின்றுவிடலாம் என்பதே என் கருத்து.

படி 3: ஒரே வடிவம் நூற்றுக்கணக்கில் வேண்டுமா? டை மெஷினைப் பாருங்கள்

டை என்பது, விரும்பிய வடிவத்தில் வளைத்த எஃகுக் கத்தியைப் பதித்து, அதைச் சுற்றி நுரைப்பஞ்சு ஒட்டிய பலகை. அதன்மேல் துணியை அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் பாயை வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்திக் கைப்பிடியைச் சுற்றினால், அழுத்தத்தில் கத்தி எல்லா அடுக்குகளையும் ஒரே நேரத்தில் வெட்டிவிடும். அமெரிக்காவின் அக்யூகுயில்ட் நிறுவனத்தின் கோ மெஷினில் பருத்தித் துணியை ஆறு அடுக்கு வரை வைக்கலாம். 10 அங்குல அகலம் வரையுள்ள டைகள் அதில் நுழையும். சிசிக்ஸ் நிறுவனத்தின் பிக் ஷாட் சிறியது. அதன் வாய் 6 அங்குலத்தைச் சற்றே தாண்டும். நான் மேலே சொன்ன 180 சதுரங்களை, ஒரு சதுரம் உள்ள டையைக் கொண்டு, ஆறு அடுக்காக 30 முறையில் முடித்துவிடலாம்.

இதன் உண்மையான பலம் சதுரத்தில் இல்லை, முக்கோணத்திலும் வளைவிலும் இருக்கிறது. சதுரத்தைக் கோணல்கோட்டில் இரண்டாக்கி முக்கோணம் எடுக்கும்போது, முடிந்த அளவோடு எட்டில் ஏழு அங்குலத்தைக் கூட்டி வெட்ட வேண்டும். 4 அங்குலத்துக்கு நான்கே முக்கால் அங்குலமும் அதற்கு மேல் எட்டில் ஒன்றும் வரும். டை இந்தக் கணக்கை நம்மிடம் விடுவதில்லை. பல டைகளில் முக்கோணத்தின் கூர்முனைகளும் முன்பே நறுக்கப்பட்டிருப்பதால், தைக்கும்போது இரண்டு துண்டுகள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்.

துணியை வைக்கும் திசையில் கவனம் தேவை. பாவு நூல் அவ்வளவாக இழுபடாது, ஊடை நூல் இழுபடும். ஆகவே துணியின் கரைக்கு இணையான பாவுத் திசை, டை உருளைக்குள் செல்லும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். மாற்றி வைத்தால் உருளை துணியை இழுத்து, சதுரம் வடிவம் மாறி வெளிவரும். புதிதாகத் தொடங்கியவர்கள் மெஷின்மேல் குறை காணும் இடங்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு டை ஒரு வடிவத்தை ஒரே அளவில்தான் வெட்டும் என்பதால், ஆசைப்பட்ட வடிவங்களையெல்லாம் வாங்கினால் டைகளின் விலை மெஷின் விலையைத் தாண்டிவிடும். கைப்பிடி மாதிரிக்கு மின்சாரம் தேவையில்லை. மின்சார மாதிரியை வெளிநாட்டிலிருந்து தருவித்தால், அது நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்பதை அதன் பின்புற அட்டையில் பார்த்துவிட்டுத்தான் பிளக்கில் செருக வேண்டும்.

படி 4: பூ, எழுத்து, பறவை என்றால் கணினிவழி மெஷின்

கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு துணியின்மேல் இன்னொரு துணியில் வெட்டிய உருவங்களை வைத்துத் தைக்கும் அந்த அப்ளிக் வேலைக்குத்தான் இவ்வகை மெஷின்கள் மிகவும் உதவுகின்றன. ஒரே அடுக்கைத்தான் வெட்டும். ஆனால் எந்த உருவத்தையும், எந்த அளவிலும், தனி டை வாங்காமலே வெட்டிக்கொள்ளலாம்.

2017இல் வந்த கிரிகட் மேக்கரில் சிறிய உருளும் கத்தி இருப்பதால், பின்புறம் எதுவும் ஒட்டாத மெல்லிய பருத்தியையும் அது இழுக்காமல் வெட்டுகிறது. அந்தக் கத்திக்குத் திரும்புவதற்கு இடம் வேண்டும். முக்கால் அங்குலத்துக்கும் சிறிய உருவங்களை அதனிடம் கொடுக்க வேண்டாம். வடிவங்களை அமைக்க அந்நிறுவனத்தின் மென்பொருளில் கணக்குத் தொடங்க வேண்டும், கணினியோ செல்பேசியோ கூடவே இருக்க வேண்டும். பிரதர் நிறுவனத்தின் ஸ்கேன்என்கட் மெஷினில் ஸ்கேனரும் திரையும் உள்ளேயே இருப்பதால், தாளில் கையால் வரைந்த ஒரு மாங்காய் வடிவத்தை அப்படியே உள்வாங்கி, கணினி இல்லாமலே துணியில் வெட்டலாம். பாயில் ஒட்டிய துணியையும் ஸ்கேன் செய்து, அச்சிட்ட பூவின்மேல் உருவத்தைச் சரியாக நகர்த்தி வைக்கலாம். வரையும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

துணியைக் கசங்கல் இல்லாமல் இஸ்திரி போட்டு, ஒட்டுப்பாயில் கையால் தேய்க்காமல் சிறு உருளையால் அழுத்துங்கள். விரலின் எண்ணெய் பட்டால் பாயின் பசை விரைவில் போய்விடும். துணிக்கான கத்தியால் காகிதம் வெட்டாதீர்கள். துணியின் முன்புறம் பாயைத் தொடும்படி ஒட்டுவதானால் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றிய பிறகே வெட்ட வேண்டும்.

படி 5: வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்

கடையிலோ நண்பரின் வீட்டிலோ, நீங்கள் வழக்கமாகத் தைக்கும் துணியையே கொண்டுபோங்கள். துவைத்துச் சுருங்கவிட்டு, லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்தியாக இருக்கட்டும். இரண்டரை அங்குலச் சதுரங்கள் மூன்றை வெட்டி, முதலில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தி, ஸ்கேலிலும் அளவு சரியாக நின்றால் வெட்டில் பிழை இல்லை. பிறகு கால் அங்குலத் தையலில் வரிசையாகச் சேர்த்து, தையலை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்த நீளம் ஆறரை அங்குலமும், நடுச்சதுரம் 2 அங்குலமும் இருக்க வேண்டும். அடுக்கியபோது பொருந்திய துண்டுகள் தைத்தபின் குறைந்தால், வெட்டும் மெஷினை மாற்ற வேண்டாம். தையல் மெஷினின் ஊசியிலிருந்து கால் அங்குலத்தை அளந்து, அந்த இடத்தில் ஒரு டேப்பை ஒட்டி, அதையே எல்லையாக வைத்துத் தைத்துப் பாருங்கள்.